பன்னிரண்டு புள்ளி வித்தியாசம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் போன வெள்ளிக்கிழமை நல்லபடியா முடிஞ்சது. இடது கண்ணுக்கு அக்டோபர்ல வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பேப்பர், புஸ்தகம், லெட்டர் எதையும் தொடக் கூடாதாம். அதனால உன் லெட்டரை நான்தான் சத்தமா படிக்கணும். போன தடவை ஒரு வரியைத் தாண்டிட்டேன். "நடுவுல ஒரு ஸ்டாப்பிங் விட்டுட்டியே"ன்னு உடனே பிடிச்சுட்டார். முப்பது வருஷம் பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்த மனுஷன்கிட்ட எதையாவது மறைக்க முடியுமா?

போன்ல பேசுன்னு மட்டும் சொல்லாதே. அப்பாவுக்கு அது காதுல ஏறலை. லெட்டர்னா ரெண்டு தடவை படிக்கச் சொல்லலாம் பாரு.

எனக்கு அச்சகத்துல வேலை கழுத்தை நெரிக்குது. டெலிபோன் டைரக்டரி புரூஃப் திருத்தறது, ஒரு நாளைக்கு நாப்பது பக்கம். கனவுல கூட நம்பர்தான் வருது.

உன் டீம் பொண்ணுங்களோட பாஸ்கெட்பால் டோர்னமென்ட் இந்த மாசம்தானே? காலேஜ் திறந்து முழுசா ரெண்டு மாசம் ஆகலை, அதுக்குள்ள போட்டி வெச்சா புதுப் பொண்ணுங்க என்ன பண்ணும்? ஆறு வருஷமா கான்ட்ராக்ட்லயே ஓட்டறாங்களே, இந்த வருஷமாவது உன்னை நிரந்தரம் ஆக்குவாங்களான்னு மாமா கேட்கறார். நான் கேட்கலை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அப்பா கண்ணுக்கு மருந்து நேரம் தவறாம விடறியா? கேட்கறதே தப்பு. நீ மறந்தாலும் டைம் கீப்பர் மறக்க மாட்டார்.

நாளைக்குப் போட்டி ஆரம்பம். எட்டு காலேஜ், ரெண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவுலயும் நாலு டீம். எல்லாரும் எல்லார்கூடவும் ஆடணும். பிரிவுல முதல்ல வர்ற ஒரே ஒரு டீம்தான் ஃபைனலுக்குப் போகும். அப்பாவுக்குக் குழப்பம் வேண்டாம், சட்டைக் கலரை வெச்சே சொல்றேன்: நாங்க சிவப்பு. எங்க பிரிவுல நீலம், மஞ்சள், பச்சை. பச்சை இந்த வருஷம்தான் டீமே ஆரம்பிச்சிருக்காங்க, பாவம். பந்து அவங்களை விளையாடிட்டு இருக்கு.

இன்னிக்குச் சாயங்காலம் கோச்சுங்களுக்கு மீட்டிங். விதிப் புஸ்தகத்தை நீ பார்க்கணுமே, உன் சிவப்புப் பேனா ஒரே நாள்ல தீர்ந்துடும். "சமநிலை ஏற்படும் பட்சத்தில் மேற்படி அணிகளின் மேற்படி ஆட்டங்களின்"னு போகுது. எந்த மேற்படின்னு எழுதினவருக்கே வெளிச்சம். எல்லாரும் கொட்டாவி விட்டுட்டு இருந்தாங்க. நான்தான் எழுந்து கேட்டேன்: "சார், மூணு டீம் சமமா வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" கமிட்டிச் செயலாளர் கண்ணாடியை மாட்டிட்டு மூணு தடவை படிச்சுட்டு, "அந்த மூணு டீமும் தங்களுக்குள்ள ஆடின மேட்ச் மட்டும்தான் கணக்கு. அதுல யாருக்குப் புள்ளி வித்தியாசம் அதிகமோ அவங்க மேல. நாலாவது டீம்கூட ஆடினது சேராது"ன்னார். எனக்குத் திருப்தி. பலவீனமான டீமைப் போட்டு மிதிக்கிறவங்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாதில்ல?

மஞ்சள் டீம் கோச் ஒரு மேடம். கெமிஸ்ட்ரி லெக்சரர், ஆசைக்காக கோச் வேலையும் பார்க்கறாங்க. பஸ் லேட்டாகி கடைசி அஞ்சு நிமிஷம்தான் வந்தாங்க, குடையிலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட. "முக்கியமா ஏதாவது சொன்னாங்களா சார்?"னு கேட்டாங்க. "எல்லாம் புஸ்தகத்துல இருக்கு மேடம்"னேன்.

மாமாகிட்ட சொல்லு: ஃபைனலுக்குப் போனா ஃபைலை நகர்த்தறேன்னு பிரின்சிபால் வாயால சொல்லியிருக்கார்.

பொண்ணுங்களுக்காக நீங்க மூணு பேரும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

தம்பி

*

ஆகஸ்ட் 26

அக்கா! அப்பா! மாமா!

உடம்புக்கெல்லாம் என்ன விசாரிக்கறது, இந்தச் சேதியைக் கேட்டா எல்லாருக்கும் தானா சரியாகிடும். கப் நமக்கு!

அப்பாவுக்காக ஸ்கோர்: நாங்க நீலத்தை 58-54ல ஜெயிச்சோம். பச்சையை 79-38. மஞ்சள்கிட்ட 59-66னு தோத்தோம். நீலம் மஞ்சளை 61-59ல ஜெயிச்சுது, பச்சையை 70-50. மஞ்சள் பச்சையை 52-40. ஆக மூணு டீமுக்கும் ரெண்டு வெற்றி, ஒரு தோல்வி. அப்புறம் கமிட்டியில கணக்குப் பார்த்தாங்க, நாங்க ஃபைனலுக்கு வந்தோம். ஃபைனல்ல கேப்டன் கொக்கு (உயரத்துக்காக வெச்ச பேரு, அவளே ஒத்துக்கிட்டா) கடைசி நிமிஷத்துல ஆறு புள்ளி எடுத்தா. ரெண்டே புள்ளில ஜெயிச்சோம். பொண்ணுங்க என்னைத் தூக்கறேன்னு ஆரம்பிச்சு பாதியில கீழ போட்டுட்டாங்க. இடுப்பு இன்னும் வலிக்குது.

ஃபைல் நகர்ந்துடுச்சு. அடுத்த மாசம் ஆர்டர் வரும்.

சந்தோஷத்தோட,
தம்பி

*

செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் லெட்டர் வந்த அன்னிக்கு அப்பா ஆட்டோக்காரர், எதிர்வீட்டு டெய்லர், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். சிலிண்டர்காரர் பாவம், தோள்ல சுமையோட நின்னு ஸ்கோரைக் கேட்டுட்டுப் போனார்.

ஒரு சந்தேகம்டா. அப்பாவுக்குத் தெரியற மாதிரி காலண்டர் பின்பக்கத்துல கொட்டை எழுத்துல கட்டம் போட்டேன். நீ எழுதின விதிப்படி, மூணு டீம் தங்களுக்குள்ள ஆடினதை மட்டும் எடுத்தேன். நீங்க நீலத்தை நாலு புள்ளில ஜெயிச்சீங்க, மஞ்சள்கிட்ட ஏழு புள்ளில தோத்தீங்க. அப்ப உங்களுக்கு மூணு குறையுது. நீலத்துக்கு ரெண்டு குறையுது. மஞ்சளுக்கு அஞ்சு கூடுது. எப்படிப் போட்டாலும் மஞ்சள்தான் முதல்ல வருது. எனக்கும் விளையாட்டுக்கும் ஏழாம் பொருத்தம், எங்கயோ தப்புப் பண்றேன். எங்கன்னு ஒரு வரி எழுது. அப்பா காலையில எழுந்ததும் "கணக்கு வந்துச்சா"ன்னுதான் கேட்கறார்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

*

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நலம்தானே? பதில் லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதே. ஜிம்ல புதுசா மரத்தரை போடறாங்க. ஆணி அடிக்கற சத்தத்துல நமக்கே மண்டையில ஆணி இறங்கற மாதிரி இருக்கு. பொண்ணுங்களை மைதானத்துல ஓட விட்டிருக்கேன். கொக்குக்கு முழங்கால்ல சின்ன வீக்கம்.

ஆர்டர் வர இன்னும் ரெண்டு கையெழுத்து பாக்கி.

அந்த டோர்னமென்ட் கணக்கு பெரிய தலைவலிக்கா. கமிட்டிக்காரங்களுக்கே சரியாப் புரியாது. அதைப் போட்டு உடம்பைக் கெடுத்துக்காதே. அப்பாவுக்கு அடுத்த ஆபரேஷன் தேதி குறிச்சாச்சா? மாமாவோட சளி எப்படி இருக்கு? மழை வேற ஆரம்பிச்சுடுச்சு, எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க.

தம்பி

*

செப்டம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்குச் சளி போன வருஷம்டா. இப்ப நல்லாத்தான் இருக்கார்.

உன் ஆகஸ்ட் பத்தொம்பதாம் தேதி லெட்டரை மறுபடி எடுத்துப் படிச்சேன். நான் விதியைத் தப்பாப் படிக்கலை. அப்புறம் வேற மாதிரி போட்டுப் பார்த்தேன். பச்சைகூட ஆடின மேட்சையும் சேர்த்தா நீங்க முப்பத்தெட்டு, நீலம் பதினெட்டு, மஞ்சள் பதினேழு. அப்ப நீங்க முதல்ல வர்றீங்க. அவங்க அப்படித்தான் போட்டிருக்காங்க போல.

அப்பாகிட்ட "கணக்கு சரியா வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டேன். கட்டத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

உனக்கு ஒண்ணு சொல்றேன், மாமாவுக்குக் கூடத் தெரியாது. மூணு வருஷம் முன்னாடி டைரக்டரியில ஒரு பல் டாக்டர் நம்பரும் ஒரு மரக்கடை நம்பரும் இடம் மாறிப் போச்சு. நான் பார்த்த பக்கம்தான். தெரிஞ்சப்ப பாதிக் கட்டு லாரி ஏறிடுச்சு. மீதிப் பாதி தரையில இருந்தது. அப்பவே சொல்லியிருந்தா ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி அனுப்பியிருப்பாங்க. நான் வாயைத் திறக்கலை. ஒரு வருஷம் பல்வலிக்காரங்கல்லாம் மரக்கடைக்குப் போன் பண்ணியிருக்காங்க. கேட்டா சிரிப்புதான் வரும். ஆனா அந்த டாக்டர் வாசலைத் தாண்டறப்ப எனக்கு இன்னும் கழுத்து நிமிரறதில்லை.

எழுதணும்னு தோணினா எழுது. இல்லைன்னாலும் சாப்பாட்டை விடாதே.

அக்கா

*

அக்டோபர் 30

தம்பி,

ஒரு மாசம் ஆச்சு. அப்பாவுக்கு இடது கண்ணும் முடிஞ்சது, வலியில்லை. இன்னும் மூணு வாரத்துல கண்ணாடி கொடுப்பாங்க. கணக்கு கிடக்கட்டும். "நல்லா இருக்கேன்"னு ரெண்டு வார்த்தை போட்டாலே போதும்.

அக்கா

*

நவம்பர் 17

அக்கா,

நான் நல்லா இல்லை. இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டாதே.

உன் கட்டம் சரி. நாங்க முதல் இடமில்லை, ரெண்டாவதும் இல்லை, மூணாவது. மஞ்சள்கூட கடைசி மேட்ச் முடிஞ்ச அடுத்த நொடி எனக்குத் தெரியும். மனசுக்குள்ளயே போட்டுட்டேன். "பையைக் கட்டுங்க"ன்னு பொண்ணுங்ககிட்ட சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் மைக்ல எங்க காலேஜ் பேரைச் சொன்னாங்க.

என் பொண்ணுங்க கத்தின கத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தப் பக்கம் மஞ்சள் பொண்ணுங்க அப்படியே நின்னாங்க. மேடம் டேபிளுக்குப் போய்க் கேட்டாங்க. அங்க உட்கார்ந்திருந்த ஆள் "எல்லா மேட்சும் சேர்த்துத்தான் மேடம்"னான். செயலாளர் சாப்பிடப் போயிருந்தார். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இருபது நிமிஷம் டைம். ஃபாரம் டேபிள் மேலயே ஒரு கட்டு இருந்தது.

மேடம் நேரா என்கிட்ட வந்தாங்க. "சார், நீங்கதான் மீட்டிங்ல முதல்லேருந்து இருந்தீங்க. எல்லா மேட்சும் சேர்த்துத்தானா?"ன்னாங்க.

நான் சொன்னேன்: "டேபிள்ல சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்."

அஞ்சு வார்த்தைக்கா. அதுக்கு அவங்க "தேங்க்ஸ் சார்"னு சொல்லிட்டுப் போனாங்க.

ஆறு வருஷத்தை நினைச்சேன், ஃபைலை நினைச்சேன், கொக்கு கண்ணைத் துடைச்சுட்டுச் சிரிச்சதைப் பார்த்தேன். கமிட்டி தப்புக்கு நான் என்ன பண்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொஞ்ச நாள் அது போதுமா இருந்தது. நீ கேட்கற வரைக்கும்னு சொல்லணும். நீ கேட்டப்பவும் தரை, ஆணி, சளின்னு ஓடினேன்.

போன வாரம் ரெஃப்ரிகளுக்கான பயிற்சி முகாம். அங்க ஒருத்தர் சொன்னார், மஞ்சள் மேடம் கோச் வேலையை விட்டுட்டாங்களாம். பச்சைகூட ஆடினப்ப ஆட்டம் கையில இருந்ததும், பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்த நாலு பொண்ணுங்களை இறக்கியிருக்காங்க. எல்லாருக்கும் ஒரு வாய்ப்புன்னு. அதனாலதான் பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். அவங்க பிரின்சிபால் எல்லார் முன்னாடியும், "சிவப்பு பச்சையை நாப்பத்தொண்ணு வித்தியாசத்துல அடிச்சுது. உங்க தாராளத்தால நமக்கு ஃபைனல் போச்சு"ன்னாராம். மேடம், "ஆமா சார், என் தப்புதான்"னு சொல்லிட்டு விசிலைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டாங்களாம்.

அந்தப் பன்னிரண்டு கணக்குலயே சேராதுக்கா. அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது.

ஆர்டர் போன வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. இன்னும் கவரைப் பிரிக்கலை.

தம்பி

*

நவம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கோ. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

உன் லெட்டர் வந்தப்ப நான் அச்சகத்துல இருந்தேன். அப்பாவுக்கு அதுக்கு முந்தின நாள்தான் கண்ணாடி வந்தது. புதுக் கண்ணுல படிச்ச முதல் லெட்டர் உன்னோடதுதான். "படிச்சுக் காட்டாதே"ங்கற வரியையும் அவரே படிச்சுட்டார். நான் வீட்டுக்கு வந்தப்ப லெட்டரை மடிச்சு மடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப் போய் ஏடு கட்டியிருந்தது.

நான் பக்கத்துல உட்கார்ந்தேன். அப்புறம், "அந்தம்மா காலேஜ் அவன் இருக்கற இடத்துலேருந்து எவ்வளவு தூரம்?"னு கேட்டார்.

"தெரியலைப்பா. பஸ்ல நாலு மணி நேரம் இருக்கும்."

"காலையில ஏழுக்குள்ள ஏறினா சாயங்காலமே திரும்பிடலாம்"னார். அவ்வளவுதான் சொன்னார். உன்மேல கோபமான்னு கேட்டேன். "என்கிட்ட கணக்கு சரியா வந்துடுச்சுன்னு சொன்ன உன்மேலதான்"னார்.

எனக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைடா. உன் வேலைக்கு ஏதாவது ஆனா இங்க உனக்கு ஒரு கட்டில் இருக்கு. மாமா இப்பவே அதுமேல இருந்த துணி மூட்டையை எடுத்து வெச்சுட்டார். ஒண்ணும் ஆகலைன்னா மறுபடி போட்டுக்கறோம்.

அக்கா

*

டிசம்பர் 14

அக்காவுக்கும் அப்பாவுக்கும் மாமாவுக்கும்,

உடம்பு பரவாயில்லை. தூக்கம் திரும்பி வந்திருக்கு.

முதல்ல என் பொண்ணுங்ககிட்ட சொன்னேன். புதுத் தரையில வட்டமா உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். கொக்கு, "அப்ப நாங்க மூணாவதா சார்?"னா. ஆமான்னேன். ஒருத்தி எழுந்து வெளிய போயிட்டா, அன்னிக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கலை. கொக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சு ஆபீஸ் அலமாரியிலேருந்து கப்பை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல வெச்சா. "எங்களுக்குப் பொய் சொல்லிட்டீங்க சார்"னா.

பிரின்சிபால் அதை விடக் கோபப்பட்டார், வேற காரணத்துக்கு. "முடிஞ்சு போனதை யாராவது தோண்டுவாங்களா?"ன்னார். ஆர்டரைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கிட்டார். இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட், அப்புறம் பார்க்கலாமாம். அதனால கட்டில் மேல துணி மூட்டையைப் போட்டுக்கலாம்னு மாமாகிட்ட சொல்லு. கமிட்டிக்கும் எழுதிட்டேன். முடிவை மாத்த முடியாது, ஆனா பதிவேட்டுல திருத்தம் எழுதறோம்னு பதில் வந்திருக்கு.

போன சனிக்கிழமை ஆறே முக்கால் பஸ். கப்பை துண்டுல சுத்திப் பையில வெச்சிருந்தேன். கண்டக்டர் "குக்கரா சார்?"னு கேட்டார்.

மேடம் லேப்ல சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க, வாங்க சார்னாங்க. நின்னுக்கிட்டே சொல்லிட்டேன், மீட்டிங்ல நான் கேட்ட கேள்வியிலேருந்து. அவங்க குழாயைத் தண்ணியில பிடிச்சபடியே கேட்டாங்க. அப்புறம் தண்ணிக் குழாயை மூடினாங்க.

"நான் உங்ககிட்டதான் வந்து கேட்டேன் சார்."

"ஆமா மேடம்."

"ஃபாரம் அங்கேயே இருந்துது."

"ஆமா."

போர்டுக்குப் போய் சாக்பீஸை எடுத்து அவங்களே எழுதினாங்க. மூணு வரி. ஏழு, கழித்தல் ரெண்டு, அஞ்சு. அந்த அஞ்சுக்குக் கீழே கோடு போட்டாங்க. எனக்கு முதுகைக் காட்டிட்டே நின்னாங்க.

"பச்சைகூட ஆடினது?"

"கணக்குலயே வராது மேடம். நீங்க நூறு புள்ளில ஜெயிச்சிருந்தாலும் ஒரே புள்ளில ஜெயிச்சிருந்தாலும் ஒண்ணுதான்."

"அப்ப அந்த நாலு பேரை நான் இறக்கினது..."

"அதனால ஒண்ணுமே போகலை மேடம். போனது என்னால."

சாக்பீஸ் அவங்க கையில உடைஞ்சுது. மன்னிச்சேன்னு அவங்க சொல்லலை, நானும் கேட்கலை. கப்பைப் பார்த்து, "இதை எனக்கு ஏன் கொண்டு வந்தீங்க, நாங்க ஃபைனலே ஆடலையே"ன்னாங்க. அது சரிதான். கப் மறுபடி துண்டுக்குள்ள போயிடுச்சு. கமிட்டிக்கு அனுப்பணும்.

அப்புறம் திடீர்னு வாசலுக்குப் போய், வராந்தால போய்ட்டிருந்த ஒரு பொண்ணைக் கூப்பிட்டாங்க. ஒல்லியா, கையில ரெக்கார்டு நோட்டோட வந்தா. அந்த நாலு பேர்ல ஒருத்தி. பச்சைகூட ஆடினப்ப வரிசையா ரெண்டு ஃப்ரீ த்ரோவை விட்டவ. அன்னிலேருந்து பந்தைத் தொடலையாம். கூடப் படிக்கிறவங்க வேற "ஃபைனலைத் தின்னவ"ன்னு பேர் வெச்சிருக்காங்களாம்.

மேடம் அவகிட்ட போர்டைக் காட்டி, "எண்ணுடி"ன்னாங்க. அவ வாய்க்குள்ளயே எண்ணினா. மறுபடி எண்ணினா.

"இதுல நம்ம பச்சை மேட்ச் எங்க மேடம்?"

"இல்லை. கிடையவே கிடையாது. இவர்கிட்ட கேளு."

அந்தப் பொண்ணு என்கிட்ட திரும்பினா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியும், எங்க சிவப்புச் சட்டை ஞாபகம் இருக்கும். "நான் விட்ட ரெண்டும் சேராதா சார்?"னு கேட்டா.

"சேராதும்மா. நீங்கதான் முதல் இடம்."

அவ நோட்டை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு போர்டையே பார்த்தா. அப்புறம் மேடம் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை கிரவுண்டை யார் திறப்பாங்க மேடம்?"னா.

மேடம் மேஜை டிராயரை இழுத்து சாவியைத் தேட ஆரம்பிச்சாங்க. நான் சொல்லிக்காமலே கிளம்பிட்டேன். மூணரை பஸ்ல ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சுது.

உங்க எல்லாரையும் பார்க்கணும் போல இருக்கு. லீவு கேட்டிருக்கேன்.

தம்பி